பட்டன் இல்லாத டாப்ஸ்

"கையைத் தூக்கு" என்றேன். சங்கரி தூக்கினாள்.

"இன்னும் மேல." தூக்கினாள்.

நான் அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, எங்கள் பள்ளி ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த சட்டக் காந்தத்தை அவள் அக்குளிலிருந்து இடுப்பு வரை தையல் ஓரமாகவே மெல்ல இழுத்துக்கொண்டு வந்தேன். எங்காவது 'டக்' என்று ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மறந்துபோன ஒரு குண்டூசியோ, ஒடிந்த ஊசி முனையோ துணிக்குள் தங்கிவிடக் கூடாது. மறுநாள் மதியம் அவள் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எழுதப் போகிறாள். தேர்வு மைய வாசலில் உலோகச் சோதனைக் கருவி கத்தக் கூடாது.

"அம்மா, கூசுது."

"பேசாம நில்லு."

"முன்னாலயே பாத்தாச்சுல்லா?"

"இன்னொரு தடவ பாத்தா கொறஞ்சா போயிருவ?"

என் கணவர் நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். அங்கே விடியுமுன் தொடங்கும் வியாபாரம் வெயில் ஏறியதும் முடிந்துவிடும் என்பதால், மதியத்துக்குமேல் எங்கள் வீட்டு நடவடிக்கைகளை வேடிக்கை பார்ப்பதுதான் அவருக்கு வேலை. "ஒங்கம்மா தப்பிப் போயி டீச்சர் ஆயிட்டா. ஏர்போர்ட்டுல நிக்க வேண்டிய ஆளு" என்றார் மகளிடம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சிரிப்பே வரவில்லை.

மார்க் என்ன வந்தது என்று இப்போதே கேட்கத் தயாராகிவிட்ட வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது இந்த வாரத்துக் கதையில் இல்லை. இந்த வாரம் உடுப்பைப் பற்றி மட்டும்தான்.

கழுத்துதான் காரணம்

அது சங்கரிக்கு இரண்டாவது முயற்சி. முந்தைய வருடம் கடையில் வாங்கிய ஒரு டாப்ஸைப் போட்டு அனுப்பியிருந்தோம். அரைக்கை, லேசான துணி, எல்லாம் சொன்னபடிதான். பின்கழுத்தில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் பொடிசாக ஒரு மணி தொங்கியதை மட்டும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அது உலோக மணி. வாசலில் கருவி கத்திவிட்டது. சோதித்தவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்களாம். கயிற்றோடு வெட்டி எடுத்துவிட்டு உள்ளே விட்டுவிட்டார்கள்.

கயிறு போனதும் கழுத்து அகன்றுவிட்டது. குனிந்து எழுதும்போதெல்லாம் அது தோளில் வழிந்து இறங்கியிருக்கிறது. தேர்வு முடியும்வரை ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கழுத்து எறங்கிக்கிட்டே இருந்துச்சும்மா" என்று அழுதாள்.

கொஞ்ச மார்க்கில் மருத்துவ இடம் போயிற்று. போனது கழுத்தாலா, இயற்பியலாலா என்று எங்கள் ஊர் கோமதி அம்மனுக்குத்தான் தெரியும். நான் கழுத்துதான் என்று முடிவு செய்துவிட்டேன். இயற்பியலை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கழுத்தை என்னால் சரிசெய்ய முடியும்.

சங்கரி ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தாள். கல்யாண வீடு கிடையாது, ஆடித்தபசுத் திருவிழா கிடையாது. கூடப் படித்த பிள்ளைகள் கல்லூரி போய், விடுமுறைக்கு வந்து, கதை சொல்லிவிட்டுப் போனார்கள். "இந்தத் தடவ இல்லன்னா விட்டுருவேன்மா, வேற படிக்கேன்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று அன்றைக்கே எனக்குள் பதிந்துவிட்டது.

ஆகவே இந்த முறை உடுப்பை வீட்டிலேயே தைப்பது என்று தீர்மானித்தேன். ஜிப் கிடையாது, ஊக்கு கிடையாது, பட்டன் கிடையாது, கயிறு கிடையாது. ஒட்டுவேலை, மணி, ஜரிகை எதுவும் கிடையாது. தலைவழியே போட்டால் இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் நிற்க வேண்டும்.

உட்கார வைத்து எடுத்த அளவு

துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தறி ஓடுகிற தெருவுக்குப் போனால், கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத லேசில் பருத்தித் துணி கிடைக்கும். இளநீலத்தில் வாங்கினேன். கஞ்சி போக ஊறவைத்து அலசி மொட்டை மாடியில் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிட்டது. சித்திரை வெயில் அப்படி.

காய்ந்த துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொய்யா மரம் தெரிந்தது. உள்ளே லைனிங் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். லைனிங் கொடுத்தால் இரண்டு துணியாகிவிடும். இரண்டு துணி என்றால் நடுவில் ஏதாவது இருக்கும் என்று சந்தேகப்படுவார்கள். வேர்க்கவும் செய்யும். லைனிங் வேண்டாம், உள்ளே தனியாக ஒரு ஷிம்மி போதும் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

தையல் எனக்குத் தொழில் இல்லை. குருவிகுளம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கூட வேலை பார்த்த கடையநல்லூர் டீச்சர் ஒருவர், கணவரோடு துபாய்க்குக் குடிபோனபோது தன் தையல் மெஷினை என்னிடம் விட்டுப்போனார். அதில் பழகியதுதான். நைட்டி, பாவாடை, தலையணை உறை வரை தைரியமாகத் தைப்பேன்.

அளவெடுப்பதில் மட்டும் கொஞ்சம் மூளையைச் செலவழித்தேன். எல்லோரும் நிற்க வைத்துத்தான் அளவெடுப்பார்கள். இவள் நிற்கப் போவதில்லை, உட்கார்ந்து குனிந்து எழுதப் போகிறாள். மேஜைமேல் புத்தகத்தை விரித்து, கையில் பேனா கொடுத்து, எழுதச் சொல்லிவிட்டு முதுகையும் கைக்குழியையும் அளந்தேன். நிற்கும்போது இருந்ததைவிட முதுகு நல்ல அகலம் கூடியிருந்தது. ஒரு வருடமாக அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது டேப்பைப் பிடித்த கைக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, அவள் குனிந்திருந்தாள்.

கழுத்துக்கு முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தேன். தலையில் மாட்டினால் பாதியில் நின்றுவிட்டது. "அம்மா, ஒண்ணுமே தெரியல. இப்படியே போயி எழுதவா?" என்று காகிதத்துக்குள்ளிருந்து கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தலை நுழையவும் தோளில் வழியாமலும் இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் என்கிற குறுக்குவெட்டுப் பட்டை வைத்து உள்ளே திருப்பி அடித்தேன். அடித்தது பிடிக்காமல் பிரித்து, மறுபடி அடித்தேன்.

மயினி கொண்டுவந்த மஞ்சள்

கீழ் ஓரத்தை மட்டும் மயினியிடம் கொடுத்தேன். மயினி என்றால் என் கணவரின் அக்கா. பெயர் ஆவுடையம்மாள், அடுத்த வீடு. லேசான துணியில் கீழ் ஓரத்தை மெஷினில் அடித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். கையால் மடித்துத் தைத்தால் அழகாக விழும். மயினியின் கைத்தையல் வெளியே தெரியவே தெரியாது. சங்கரியின் பள்ளிப் பாவாடை எல்லாவற்றுக்கும் ஓரம் அவர் தைத்ததுதான்.

ஓரம் மட்டுமில்லை. நான் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிய வருடங்களில் சங்கரியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவர் மயினிதான். பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை அம்மா இல்லை, அத்தை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நான் காந்தத்தை வைத்துச் சோதித்து முடித்த அன்று சாயங்காலம், மயினி ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். புதுத்துணியின் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் சாதாரணமாக யாரும் உடுத்துவதில்லை.

"எங்கன வைக்கட்டும்? உள்பக்கமா வைக்கேன், வெளிய தெரியாது."

"வேண்டாம் மயினி."

"ஏன் வேண்டாம்?"

"என்ன கறைன்னு கேப்பாவ. எதுவும் எழுதியிருக்கான்னு பாப்பாவ."

"மஞ்சள்ல என்னத்தட்டி எழுத முடியும்?"

"நமக்குத் தெரியும் மயினி. அவியளுக்குத் தெரியுமா?"

மயினி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "போன வருசமும் இப்படித்தான் பிள்ளைய மஞ்சள் வைக்காம வெறுந்துணியோட அனுப்புன" என்றார். அப்புறம் கிண்ணத்தோடு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது மயினி வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த நெற்றி. "ஓரத்துல ஒரு நூலு தொங்குதுட்டி, குடு, பாத்துத் தாரேன்" என்று கொடியில் கிடந்த டாப்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊசி போய் வருவதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். நேற்றைய கோபம் தீர்ந்துவிட்டது, நல்லது என்று நினைத்துக்கொண்டு புளியோதரையைக் கட்டினேன்.

நான்கு சக்கரம், நான்கு எலுமிச்சை

வாடகைக் காரில் போனோம். எலுமிச்சைக்காரர் வீட்டில் எலுமிச்சைக்குக் குறைவா? என் கணவர் நல்ல கனியாகப் பொறுக்கி நான்கு சக்கரத்துக்கும் வைத்தார். வண்டி நசுக்கிக்கொண்டு நகர்ந்ததும் இறங்கிப் போய் நான்கும் சரியாக நசுங்கியதா என்று பார்த்துவிட்டு வந்தார். என்னைக் கேலி பேசின மனிதர்தான்.

மயினியும் வந்தார். "நானும் வாரேன். வீட்டுல இருந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது."

சங்கரி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இளநீல டாப்ஸ் அவள் தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை அவள் முன்னால் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கழுத்து அசையவில்லை.

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரியில் மையம். வெளிக்கேட்டில் தடுப்பு. உள்ளே மைதானத்தில் பந்தல் போட்டு, பெண் பிள்ளைகளைச் சோதிக்கத் திரை கட்டிய மறைப்பு. மைக்கில் தோடு, கொலுசு, கிளிப் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு தாய் தன் மகளின் விரல் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்களிடம் கழற்ற ஒன்றுமில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"போயிட்டு வாரேன்" என்றாள் சங்கரி. மயினி சட்டென்று குனிந்து அவள் டாப்ஸின் கீழ் ஓரத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலைத் தொடுகிறாரோ என்று பதறி, "அய்யோ அத்தை" என்று பின்னால் நகர்ந்தாள் பிள்ளை. பிறகு தடுப்பைத் தாண்டி வரிசையில் போய் நின்றுவிட்டாள். கணவர் காரை நிழலில் விடச் சொல்ல டிரைவரிடம் போனார்.

நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி வெயிலில் கொதித்தது. நான் கையை எடுக்காமல் நின்றதை மயினி பார்த்துவிட்டார்.

"எதுக்கு இப்படிப் பதறுத? பிள்ள தனியாவா போறா? அம்மா கூடத்தான போறா."

"எந்த அம்மா?"

"நம்ம கோமதி அம்மாதான். வெள்ளனயே போயி புத்துமண்ணு எடுத்தாந்து ஓரத்துக்குள்ள வச்சுத் தச்சிட்டேன்லா" என்றார் மயினி, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

ஒரு கை எப்படி நினைக்கும்

எங்கள் ஊர்க் கோயிலின் புற்றுமண்ணை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதுதான் அங்கே பிரசாதம். தோலில் ஏதாவது வந்தால் குழைத்துப் பூசுவோம். வயிறு வலித்தால் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம். வெளியூர் போகிறவர்கள் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைக் கண்டு பயப்பட மாட்டார்கள்.

ஆனால் நான் வருடாவருடம் பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போகிறவள். பிள்ளைகளின் சட்டைக்கை மடிப்பையும் பாவாடை ஓரத்தையும் தடவிப் பார்த்த கை என் கை. மடிப்புக்குள் ஏதாவது தட்டுப்பட்டால் அந்தக் கை என்ன நினைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிட் என்றுதான் நினைக்கும். விபூதியாக இருக்குமோ, மண்ணாக இருக்குமோ என்று எந்தக் கையும் யோசிக்காது. அதிலும் அது துணியில் சுற்றி, ஓரத்துக்குள் வைத்து, வெளியே தெரியாத தையலில் தைத்திருந்தால்?

சங்கரிக்கு அது இருப்பதே தெரியாது. "என்னம்மா இது?" என்று கேட்டால் "தெரியல" என்பாள். அந்தப் பதிலைவிட மோசமான பதில் கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்னிடம் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்கள், நான் எத்தனை பேரை நம்பியிருக்கிறேன்!

"சங்கரீ!" என்று கத்தினேன். மைக் என் குரலை விழுங்கிவிட்டது. வரிசையில் அவளுக்கு முன்னால் கொஞ்சம் பிள்ளைகளே இருந்தார்கள்.

தடுப்பருகில் ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். அவரிடம் சொல்லிவிடலாம். நாமே முன்வந்து சொல்வது வேறு, அவர்கள் கண்டுபிடிப்பது வேறு. ஆனால் சொன்னால் பிள்ளையை வரிசையிலிருந்து இழுத்து, எல்லோர் முன்னாலும் நிறுத்தி, உடுப்பைப் பிரிப்பார்கள். அந்த அவமானத்தோடு போய் என்ன எழுதுவாள்? சொல்லாமல் விட்டு, கை படாமல் தப்பிவிட்டால்? தப்பாமல், கை பட்டுவிட்டால்? வருடமெல்லாம் படித்தது ஒரு சிட்டிகை மண்ணில் போய்விடுமே!

"என்னம்மா வேணும்?" என்றார் காவலர்.

என் வாய் திறந்தது. "தண்ணி பாட்டில் குடுக்கணும்" என்றது.

"உள்ள தண்ணி இருக்கும்மா. தள்ளி நில்லுங்க."

நிமிர்ந்து பார்த்தபோது சங்கரி திரைக்குள் போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளை பக்கத்து மறைப்புக்குள் போய், அந்தப் பக்கமாக வெளியே வந்து நடந்துவிட்டது. அதற்கடுத்த பிள்ளையும் போனது. சங்கரி வரவில்லை. வெளியே நின்ற இன்னொரு பெண் ஊழியர் அவசரமாக அதே திரைக்குள் நுழைந்தார். நான் கம்பிமேல் எக்கிப் பார்த்தேன்.

அப்புறம் வந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்த தலையோடு, கட்டடத்தை நோக்கி வேகமாகப் போனாள். டாப்ஸின் ஓரம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே எழுதப் போகிறாள்.

புளியோதரை ஆறிப்போனது

எதிரே ஒரு தகரக் கொட்டகை போட்ட டீக்கடை. பெற்றோர் கூட்டம் முழுக்க அங்கேதான். யாரோ யாருக்கோ வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கோச்சிங் என்று விசாரித்தார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

மயினிக்கும் சொல்லவில்லை. "ஏட்டி வள்ளி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சநேரம் கழித்து, "கெட்டதுக்கா செஞ்சேன்?" என்றார். நான் எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மயினி கொட்டகைக்குள்ளேயே வரவில்லை. கல்லூரிக் காம்பவுண்டுச் சுவரோரம் கொஞ்சூண்டு நிழலில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

கணவர் இரண்டு பக்கமும் நடந்தார். "அக்கா பச்சத் தண்ணி கூடக் குடிக்கல வள்ளி. ஒரு வார்த்த பேசேன்."

"என்ன பேச? வாயத் தொறந்தா நடுரோட்டுல கத்திருவேன். பரவால்லயா?"

அவர் போய்விட்டார். என் கோபம் நியாயமானது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சமையலறையிலிருந்து ஊசி போய் வருவதைப் பார்த்தேனே, அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருக்கக் கூடாதா என்று என்மேலும் ஆத்திரம். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து மயினியின் கணக்கிலேயே எழுதினேன். வெயில் கொட்டகைத் தகரத்தில் இறங்கி, பெஞ்சில் ஏறி, என் மடிவரை வந்தது. உள்ளே பிள்ளை எந்தக் கேள்வியில் இருப்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாளா, எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாளா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

சங்கரி சொன்னது

பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கியதும் கூட்டம் கேட்டை அடைத்துக்கொண்டது. நான் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். சங்கரி வந்தாள். கண் சிவக்கவில்லை. உதட்டோரத்தில் மட்டும் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"அழுதியா? என்ன சொன்னாவ? எழுத விட்டாவளா?"

"எழுதிட்டேன்மா. பிசிக்ஸ்தான் கொஞ்சம் இழுத்துட்டு. பயாலஜி நல்லாருந்துச்சு. தண்ணி குடு."

"வாயப் பொத்திக்கிட்டுப் போனியே!"

"ஓ, அதுவா? பல்லு பூரா மண்ணு."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "அந்த அக்கா ஓரத்தத் தடவிட்டு 'என்னம்மா இது'ன்னாவ. எனக்கு எப்படித் தெரியும்? 'தெரியலக்கா'ன்னேன். அவ்வளவுதான், மொகமே மாறிட்டு. பிரிக்கப் பாத்தாவ, பிரியல. அத்தை தச்சதுல்லா? கடைசில கத்திரிக்கோல் வச்சு வெட்டுனாவ. பாத்தா மண்ணு. மோந்து பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஊரு கோயில் மண்ணுக்கான்னேன். 'சரி, அந்தக் கூடைல போட்டுட்டுப் போ'ன்னாவ."

"போட்டியா?"

"கூடைல கிளிப்பு, ரப்பர் பேண்டு, யாரோட குப்பையோ கெடக்கு. அதுல போயி அம்மன் மண்ண எப்படிப் போட? வாய்ல போட்டுக்கிட்டேன்."

"வாய்லயா!"

"அந்த அக்காவும் இப்படித்தான் கத்துனாவ. பிட்ட முழுங்குதேன்னு நெனச்சுட்டாவ. தாடையப் புடிச்சு 'துப்பு, துப்பு'ங்காவ. இன்னொருத்தவ ஓடியாந்து டார்ச் அடிச்சுப் பாத்தாவ. நான் 'ஆ'ன்னு காட்டுனேன். நாக்கு பூரா மண்ணு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. எனக்கும் சிரிப்பு வந்துட்டு. அதான் வாயப் பொத்திக்கிட்டு ஓடுனேன்."

என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தகப்பனும் சிரித்தார். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கழுத்து நான் தைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கும்கூட.

சங்கரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அத்தை எங்க?"

அவளே பார்த்துவிட்டாள். காம்பவுண்டுச் சுவரோரம், வெயில் திரும்பி நிழலே இல்லாமல் போன இடத்தில், மயினி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்துவிட்டது தெரிந்தும் எழுந்து வரவில்லை. எங்கள் பக்கம் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்.

"ஏன் அங்கன உக்காந்திருக்கா? நீ பேசலியா?"

நான் பாட்டிலை அவளிடமிருந்து வாங்கினேன்.

"நான் உள்ள போனதுலேர்ந்தா?"

நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சங்கரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. கோபமும் இல்லை. காலையிலிருந்து கேட்க நினைத்த ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, மார்க் வரலன்னா என்கூடயும் இப்படித்தான் இருப்பியா?"

சே, என்ன பேச்சு என்று அதட்டியிருக்கலாம். அப்படியெல்லாம் இல்லை மக்கா என்று கட்டிக்கொண்டிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. அவள் பதிலுக்காக நின்றாள். அந்த ஒரு வருடமும் குனிந்து உட்கார்ந்து எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அந்த ரோட்டில் வைத்துத்தான் புரிந்தது.

பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன். மயினி என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. நான் கையை நீட்டினேன்.

"வாங்க மயினி. எனக்குப் பசிக்கு. புளியோதரை அப்படியே இருக்கு, எல்லாரும் சாப்பிடுவோம்."

மயினி என் கையைப் பிடிக்கவில்லை. என்னைத் தாண்டி, பின்னாலேயே வந்து நின்ற சங்கரியைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒங்கம்மா என்னயவா கூப்பிடுதா?"